பின்சீட்டு வந்து சேரும் நேரம்

சுக்காங்காட்டு மலைக்கு ஏறுற பாதையில, தார் ரோடு முடிஞ்சு கல்லுப் பாதை ஆரம்பிக்கிற எடத்துல நான் பஞ்சர் கடை வச்சிருக்கேன். பேரு குருவம்மா. புருஷன் போய்ச் சேந்த பெறகு நான்தான் டியூப்பைத் தண்ணியில முக்கிப் பாக்குறேன், பசை தடவுறேன், காத்துப் பிடிக்கிறேன். மலைக்குப் போற வண்டி எதுவும் என் கடையில நிக்காமப் போகாது. தவசியோட வண்டியைப் பத்தி மேல இருக்கவன் ஒண்ணு சொல்லுவான், கீழ இருக்கவன் ஒண்ணு சொல்லுவான், எல்லாத்தையும் ஒரு ஓரமா வச்சிட்டு நான் சொல்றதைக் கேளுங்க.

தவசி மலைமேல சுக்காங்காட்டு ஊர்க்காரன். அவன் பொண்டாட்டி மயிலுக்கு மொதப் பிள்ளை டோலியிலதான் செத்துச்சு. டோலின்னா ஒரு கம்பு, அதுல தொங்குற ஒரு ஜமுக்காளம், தூக்க நாலு தோளு, அம்புட்டுத்தான். அதுலயும் வலி எடுத்த பிள்ளைத்தாய்ச்சின்னா ஆம்பளை தோளு குடுக்க மாட்டான், தீட்டு. பொம்பளைகதான் மாத்தி மாத்தித் தூக்கி எறக்கணும். அன்னைக்கு மழை, பாறை வழுக்கல், பாதி மலையிலேயே எல்லாம் முடிஞ்சு போச்சு. மயிலு என் கடைவாசல்ல டோலியை எறக்கச் சொல்லி ஒரு சொம்புத் தண்ணி வாங்கிக் குடிச்சா. தவசி பின்னாலயே நடந்து வந்தவன், அடுத்த பிள்ளை பிறக்குறதுக்குள்ள நான் வண்டி வாங்கிருவேன்னு சொன்னான். அவளைப் பாத்துச் சொல்ல முடியாம என்னைப் பாத்துச் சொன்னான்.

சொன்னபடி வாங்குனான். மொளகுக்கொடி ஓடுன நெலத்தைக் குடுத்துட்டு, எஸ்டேட்டுல ஏலம் விட்ட நீளவண்டி ஒண்ணைக் கொண்டாந்தான். மூக்கு ஜீப்பு மாதிரி இருக்கும், பின்பக்கம் வேன் மாதிரி நீண்டு கெடக்கும், நாலு சக்கரமும் சேந்து இழுக்கும். துரைமாரு நாய்களையும் துப்பாக்கியையும் போட்டுக்கிட்டுத் திரிஞ்ச வண்டி. தவசி அதைப் பெத்த பிள்ளை மாதிரி பாத்தான். காலையில எந்திரிச்சு பல்லு வெளக்குறதுக்கு முந்தி ரேடியேட்டருக்குத் தண்ணி, பெறகு ஆயில் கம்பியை உருவித் துடைச்சுப் பாக்குறது, வில்லுப்பட்டைக்குக் கிரீசு, பிரேக்குக்கு ஒரு மிதி, மழைக்காலம்னா என்கிட்ட வந்து டயர்ல காத்தைக் கொஞ்சம் கொறைச்சுக்குவான். சின்ன கியரைத் தட்டி நாலு வீலையும் போட்டுட்டான்னா வழுக்குப்பாறையில பல்லி ஏறுற மாதிரி ஏறும். ஒருநாள் நடுவழியில நின்னதில்ல, ஒருநாள் தள்ள வச்சதில்ல. வண்டி எப்படியோ ஆளும் அப்படித்தான். யாரு கூப்பிட்டாலும் வருவான், எந்நேரம்னாலும் எடுப்பான், முடியாதுங்கிற வார்த்தை அவன் வாயில வந்து நான் கேட்டதே இல்ல. அதை ஒரு நல்ல கொணம்னுதான் நானும் நெனச்சிருந்தேன்.

ஒரு முகூர்த்தத்துக்குப் பொண்ணழைக்கப் போகணும்னு மேல இருக்க சனம் முழுக்கக் கெளம்பி நின்னுச்சு. ரெண்டு நடை அடிக்கணும்னு தவசி நெனச்சான். ஆனா ஒருத்தர் ஏற ஏற இன்னொருத்தருக்கு எடம் இருந்துச்சு, மாப்பிள்ளை வீடு ஏறுச்சு, மாமன் வீடு ஏறுச்சு, கொட்டுக்காரங்க ஏறுனாங்க, சீர்வரிசை ஏறுச்சு, கோவிச்சுக்கிட்டு வரமாட்டேன்னு நின்ன பெரியப்பனும் ஏறுனாரு, அப்பவும் பின்னாடி ஒரு சீட்டு காலியாக் கெடந்துச்சு. வெளிய இருந்து பாத்தா வண்டி அதே வண்டி, ஒரு சாண் கூட நீளல. என் கடையில நின்னப்ப ஒரு ஊரே எறங்கி ஒண்ணுக்குப் போயிட்டு மறுபடி ஏறுச்சு. நான் எண்ண ஆரம்பிச்சு பாதியில விட்டுட்டேன்.

ஏன் இப்படின்னு யாராச்சும் கேட்டிருப்பாங்கன்னு நெனைக்கிறீங்களா? ஒருத்தரும் கேக்கல. கெடைச்சதைக் கேள்வி கேட்டா போயிரும்னு நம்ம சனத்துக்கு ஒரு பயம். அடுத்த வாரமே வாழைத்தார் ஏறுச்சு, பலாப்பழம் ஏறுச்சு, ஆட்டுமந்தை ஏறுச்சு. ஒருத்தனோட செனையாடு உள்ள போயி காணாமப் போயி, பெறகு ரெண்டு குட்டியோட நடந்து வெளிய வந்துச்சு, அதுக்கு அவன் தவசிகிட்ட நன்றி சொல்லாம, மூணு குட்டி போட்டிருக்கும், ஒண்ணை யாரோ பிடிச்சுத் தின்னுட்டாங்கன்னு சண்டைக்கு வந்தான். பஸ்ஸு கேட்டு மனுக் குடுத்துக்கிட்டு இருந்தவங்க மனுவை நிறுத்திட்டாங்க. ரோடு போடுறோம்னு அளக்க வந்த ஆளுக, இம்புட்டு நல்ல வண்டி இருக்கையில ரோடு எதுக்குன்னு டேப்பைச் சுருட்டிக்கிட்டு, அதே வண்டியில சொகுசா எறங்கிப் போனாங்க. சண்டையின்னா முன்சீட்டுக்கு மட்டுந்தான். பந்திக்கு முந்துற சனம் இல்லையா, எம்புட்டு எடம் கெடந்தாலும் மொத எடந்தான் வேணும்.

இப்பத்தான் பூசாரி சங்கிலிமுத்து வர்றாரு கதைக்குள்ள. கெட்ட மனுசன்னு சொல்லிற முடியாது. அதிர்ந்து பேச மாட்டாரு, யாரையும் 'ஆத்தா', 'அய்யா'ன்னுதான் கூப்பிடுவாரு. வண்டி வந்த மொத நாளே மலைக்கருப்பன் படத்தை ஸ்டீரிங்குக்கு முன்னாடி ஒட்டி, சின்ன வேல்கம்பு ஒண்ணு நட்டு, எலுமிச்சம்பழம் சொருகி, கருப்பன் இனிமே இங்க ஒக்காந்திருக்கான்னு சொல்லிட்டாரு. சுக்காங்காட்டுல முட்டுவீடுன்னு ஒண்ணு ஊருக்கு வெளிய இருக்கு. மாசாமாசம் தீட்டு வந்த பொம்பளைக, பிள்ளை பெத்த பொம்பளைக அங்கதான் போயி இருக்கணும், தெருவுக்குள்ள வரக்கூடாது. அந்தப் பொம்பளைக ஆஸ்பத்திரிக்கோ சந்தைக்கோ போகணும்னா வண்டியில எங்க ஒக்காரது? கருப்பன் பக்கத்துலயா? அதனால பூசாரி ரொம்பத் தன்மையாச் சொன்னாரு, "எடந்தான் நெறைய இருக்கே ஆத்தா, கொஞ்சம் தள்ளி ஒக்காந்துக்க."

தள்ளி ஒக்காந்தாங்க. எடம் இருந்துச்சுல்ல. ரெண்டு சீட்டு தள்ளி ஒக்காந்தவளைப் பாத்து, சாமி கண்ணுக்குத் தெரியுது, இன்னும் கொஞ்சம் தள்ளிக்கன்னாங்க. அவ தள்ளுனா. அவளுக்கு முன்னாடி ஒக்காந்திருந்தவன், தீட்டுக்காரி மூச்சு மேல படுது, இன்னும் கொஞ்சம்னான். அவ தள்ளுனா. தள்ளத் தள்ள வண்டி எடம் குடுத்துச்சு. குறுகலான வண்டியா இருந்திருந்தா முட்டி மோதி எல்லாரும் ஒண்ணாத்தான் ஒக்காந்திருப்பாங்க, வேற வழி இருந்திருக்காது. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணும்பாங்க. இங்க சாமி வாரி வாரிக் குடுத்துச்சு, இவங்க அந்த எடத்தையெல்லாம் தங்களுக்கும் அந்தப் பொம்பளைகளுக்கும் நடுவுல போட்டுக்கிட்டாங்க.

அதுக்கப்புறம் ஒருநாள் வண்டி என் கடைவாசல்ல வந்து நின்னுச்சு, முன்னாடி இருந்த ஆம்பளைக எறங்கி பீடி பத்த வச்சாங்க, பின்கதவு மட்டும் தெறக்கல. தவசி இழுத்துப் பாத்தான், நானும் கம்பி விட்டு நெம்பிப் பாத்தேன், வரல. பீடி முடிஞ்சு, பேச்சு முடிஞ்சு, வெத்தலையும் போட்டு முடிச்ச பெறகு உள்ள இருந்து யாரோ தாப்பாளைத் தெறந்தாங்க. மூணு பொம்பளைக எறங்குனாங்க. தலை கலைஞ்சு, காலு வீங்கி, எங்கயோ வெளியூர் போயிட்டு வந்த மாதிரி முகம். இப்பத்தான் வந்து சேந்தோம் அக்கான்னு சொன்னாங்க. முன்சீட்டு வந்து சேந்து ரொம்ப நேரங்கழிச்சுத்தான் பின்சீட்டு வந்து சேருதுன்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு.

அடுத்த மாசம் அந்தத் தாமதம் பாதிப் பகலாச்சு. மழைக்காலம் வந்தப்ப காலையில ஏறுன பொம்பளைக சாயங்காலம் சந்தை கலைஞ்ச பெறகு எறங்குனாங்க. ஊரு அதையும் செரிச்சுக்கிச்சு. பொம்பளைக கெளம்புனாலே லேட்டுத்தானேன்னு ஆம்பளைக சிரிச்சாங்க. பொம்பளைக சோறு கட்டிக்கிட்டு ஏற ஆரம்பிச்சாங்க, பெறகு தலைகாணி, பெறகு தண்ணிக்கொடம், பெறகு உள்ளயே கல்லுக்கூட்டி அடுப்பு வச்சு உலை போட்டாங்க. ஒரு பொம்பளைப் பிள்ளை உள்ள இருந்தபடியே பரிச்சைக்குப் படிச்சு, பரிச்சை முடிஞ்ச மறுநாள் எறங்குச்சு. அதுக்கு யாரும் வருத்தப்பட்ட மாதிரி தெரியல. படிச்சு என்ன கலெக்டராவா ஆகப்போறான்னு அதோட அப்பனே சொன்னான். எனக்கு வந்த கோவத்துக்கு நான் ஒட்டிக் குடுத்த அவன் சைக்கிள் டியூப்புல மறுபடி ஓட்டை போட்டுவிட்டேன்.

அப்பத்தான் மயிலு மறுபடி முழுகாம இருந்தா. எத்தனையோ வருஷம் கழிச்சு. வயித்தைத் தூக்கிக்கிட்டு ஒருநாள் முன்சீட்டுல ஒக்காந்து வந்தா, மாசமா இருக்கையில தீட்டு இல்லையே, அதனால முன்சீட்டுல விட்டிருந்தாங்க. சிரிச்சுக்கிட்டே எறங்கி, இந்தத் தடவை வண்டி இருக்கு அக்கான்னு சொன்னா. நான் மனசுக்குள்ள கணக்குப் போட்டேன். வலி எடுத்த நிமிஷத்துல இருந்து இவ தீட்டுக்காரி, அதுவும் பெருந்தீட்டு, எல்லாருக்கும் பின்னாடி, கடைசிக்கும் கடைசியில ஒக்காரணும். அந்தக் கடைசி எப்ப வந்து சேரும்?

தவசியைத் தனியாக் கூப்பிட்டேன். என் கடையில கெடக்குற லாரிப் பாட்டரி மேல ஒக்கார வச்சு, பொறுமையா எடுத்துச் சொன்னேன். தம்பி, பின்பக்கம் வர நேரமாகுதுன்னா பின்பக்கத்தை முன்னாடி அனுப்பு. அவளை ஏத்திக்கிட்டு மலைமேல இருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் ரிவர்சுலயே எறக்கு. உன்னை மாதிரி வண்டி ஓட்டுறவனுக்கு அது பெரிய காரியமா? பின்கதவு மொதல்ல போய்ச் சேரட்டும், கருப்பன் மெதுவா வரட்டும், அவருக்கு என்ன அவசரம், அவருக்கா வலி?

அவன் முகத்துல வெளிச்சம் வந்துச்சு. எனக்கு இது தோணாமப் போச்சே அக்கான்னான். எந்திரிச்சு நின்னான். வண்டிக்குப் போயி ஸ்டீரிங்குல கை வச்சான். பெறகு திரும்பிப் பாத்து, "எதுக்கும் பூசாரியய்யாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்றேன்"ன்னான்.

அந்த ஒரு வார்த்தையிலதான் எல்லாம் போச்சு. உன் பொண்டாட்டி, உன் வண்டி, உன் கையி, உன் காலு. இதுல கேக்க என்னடா இருக்குன்னு கத்துனேன். அவன் கியரைப் போட்டு மலையேறிட்டான்.

பூசாரி வேணாம்னு சொல்லல. அவரு எப்பவுமே வேணாம்னு சொல்ற ஆளில்ல. கருப்பன் பின்னாடி பாத்துக்கிட்டு மலையை விட்டு எறங்குனதா சரித்திரம் இல்லையேப்பா, பெரியவங்க கூடிப் பேசிச் சொல்றோம்னாரு. பேசுனாங்க. பேசிக்கிட்டே இருந்தாங்க. பேச்சு முடியறதுக்குள்ள மயிலுக்கு வலி எடுத்துருச்சு.

மறுநாள் காலையில வண்டி எறங்கி வந்துச்சு, மூக்கு முன்னாடி, கருப்பன் முன்னாடி, எலுமிச்சம்பழம் முன்னாடி. தொணைக்குன்னு சொல்லிக்கிட்டு முன்சீட்டு நெறைய ஆம்பளைக. பூசாரியும் இருந்தாரு. நான் ரோட்டு நடுவுல போயி நின்னேன். நிறுத்துனான். பின்கதவுல காதை வச்சேன். எங்கயோ தூரத்துல, அடுத்த பள்ளத்தாக்குல கத்துற மாதிரி மயிலு சத்தம். தவசி சட்டையைப் பிடிச்சு, இப்பவாச்சும் திருப்புடா, ரோடு இங்க அகலம், திருப்பி ரிவர்சுல போடான்னு கெஞ்சுனேன். அவன் கண்ணுல தண்ணி ஓடுது. ஓடுற தண்ணியோட பூசாரியைத் திரும்பிப் பாக்குறான். பாதி வழி வந்துட்டோமே, இனிமே திருப்புறதுல என்னப்பா இருக்கு, கருப்பன் பாத்துக்குவான்னு அவரு தோளைத் தட்டிக் குடுத்தாரு. தவசி வண்டியை எடுத்தான். நான் ஓடிப்போயி முன்சீட்டுல ஏறிக்கிட்டேன். எனக்குத்தான் தீட்டெல்லாம் நின்னு பல காலமாச்சே, என்னை யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.

வண்டி ஒரு குலுங்கல் இல்லாமப் போச்சு. நல்லா ஓடுற வண்டி மேல எனக்கு அன்னைக்கு மாதிரி ஆத்திரம் என்னைக்கும் வந்ததில்ல. எங்கயாச்சும் ஒரு டயர் வெடிச்சு, முன்பக்கம் நின்னு தொலைச்சு, பின்பக்கம் வந்து சேராதான்னு வேண்டிக்கிட்டேன். பஞ்சர் கடைக்காரி பஞ்சருக்கு வேண்டிக்கிட்டது அன்னைக்குத்தான். நேரா ஆஸ்பத்திரி வாசல்ல போயி நின்னுச்சு.

நர்சம்மாக்க தள்ளுவண்டியோட ஓடி வந்தாங்க. கதவு தெறக்கல. தவசி சீட்டு மேல ஏறி உள்ள போகப் பாத்தான். பூசாரி அவன் தோளைத்தான் தொட்டாரு. தீட்டுக்குள்ள போயிட்டு வந்து எப்படிப்பா கருப்பன் முன்னாடி ஸ்டீரிங்கைப் பிடிப்ப, எங்களையெல்லாம் யாரு வீட்டுல கொண்டுபோயிச் சேக்குறதுன்னாரு. தவசி ஒரு காலு சீட்டு மேலயும் ஒரு காலு தரையிலயுமா நின்னுட்டான்.

நான் போனேன். சீட்டைத் தாண்டித் தாண்டிப் போனேன். ரெக்சின் சீட்டெல்லாம் முடிஞ்சு வெறும் தகரமாச்சு. பொம்பளைக கூட்டி வச்ச அடுப்புக, சாம்பலு, காஞ்ச மல்லிகைச்சரம், துணி காயப்போட்ட கொடி, யாரோ சுவத்துல கரியால எழுதிப் பழகுன வாய்ப்பாடு. அதுக்கப்புறம் அதுவும் இல்ல, இருட்டு. மயிலுன்னு கூப்பிட்டேன். பதில் வர நேரமாச்சு. "நீ திரும்பிப் போ அக்கா. உனக்கும் எனக்கும் நடுவுல இன்னும் ரெண்டு மலை கெடக்கு"ன்னு சொன்னா. பெறகு ஒரு பிள்ளை அழுகுற சத்தம் கேட்டுச்சு. நல்ல கணீர்னு இருந்துச்சு. நான் அந்தத் தகரத்துல ஒக்காந்து அழுதேன். கொஞ்ச நேரத்துல அந்தச் சத்தம் நின்னு போச்சு.

நான் முன்பக்கமாவே எறங்கி வந்து வாசல்ல காத்துக் கெடந்தேன். மறுநாள் உச்சிப்பொழுதுலதான் பின்கதவு தெறந்துச்சு. மயிலு எறங்குனா. கையில ஒண்ணும் இல்ல, நகமெல்லாம் மண்ணு. பச்சை ஒடம்பு, நிக்க முடியாம கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. தவசி ஓடிப்போயி அவ காலடியில விழுந்து, பூசாரி, பெரியவங்க எல்லாரும் பாக்கப் பாக்க, "முன்னாடி வந்து ஒக்காரு மயிலு, யாரு என்ன சொன்னாலும் சரி, நீ முன்னாடி ஒக்காரு"ன்னு கதறுனான். ஒருத்தரும் மறுத்துப் பேசல. பூசாரிகூட ஒதுங்கி நின்னு வழி விட்டாரு. அம்புட்டுச் சுலபமா இருந்துருக்கு அது.

அவ அவனைத் திட்டல. "ரொம்ப நேரம் உசுரோடதான்யா இருந்துச்சு. ஒரு டாக்டரு பாத்திருந்தாப் போதும். வழியில பொதைச்சிருக்கேன், தனியாக் கெடக்கு" அப்படின்னு மட்டும் சொன்னா. என் கையில இருந்த தண்ணியை வாங்கிக் குடிச்சா. திரும்பி உள்ள ஏறி, கதவைச் சாத்தி, தாப்பாளைப் போட்டுக்கிட்டா. நர்சம்மா தட்டுனாங்க, நான் தட்டுனேன். காலடிச் சத்தம் தூரமாப் போச்சு.

அதுக்கப்புறம் மேல கூட்டம் போட்டு, இனிமே தீட்டுக்காரிக, வலி எடுத்த பிள்ளைத்தாய்ச்சிக எல்லாரும் முன்சீட்டுல ஒக்காரலாம், கருப்பன் உத்தரவு குடுத்துட்டான்னு அறிவிச்சாங்க. தவசிக்கு ரிவர்சுல ஓட்டவும் அனுமதியாம். ஒரு பொம்பளையும் ஏறல. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வயித்தைத் தூக்கிக்கிட்டும் பிள்ளையைத் தூக்கிக்கிட்டும் என் கடையைத் தாண்டி நடந்தே போறாளுக. அவளுகளுக்குப் பின்னாடி தவசி வண்டியை உருட்டிக்கிட்டே வர்றான், ஏறுங்கத்தா, எடம் இருக்குத்தான்னு கெஞ்சிக்கிட்டு. அவளுக திரும்பிப் பாக்குறதில்ல. ஆம்பளைக மட்டும் இப்பவும் ஏறுறாங்க, இந்த மாதிரி வண்டி சுத்துப்பட்டுல இல்லேன்னு இப்பவும் பேசிக்கிறாங்க.

முந்தாநாள் தவசி காத்துப் பிடிக்க வந்தான். தாடி நரைச்சுப் போச்சு. எறங்கி வந்து பின்கதவுல காதை வச்சுக்கிட்டு நின்னான், தினமும் நிக்கிறான் போல, கதவுல அந்த எடம் பெயிண்டு தேய்ஞ்சிருக்கு. "அக்கா, நீ கொஞ்சம் கேட்டுப் பாரேன். எனக்கு ஒண்ணும் கேக்க மாட்டேங்குது"ன்னான்.

கேட்டுப் பாத்தேன். ரொம்பத் தூரத்துல மயிலு பேசுறா. ஒரு வாய் சாமி, இன்னும் ஒரே ஒரு வாய், அந்தா பாரு காக்கா வருது, வாங்கிக்கன்னு யாருக்கோ சோறு ஊட்டிக்கிட்டு இருக்கா. அதுக்கு மழலையில ஒரு சிரிப்பும் கேட்டுச்சு. அது எதுக்கு இவன் காதுல விழணும்?

"ஒண்ணும் கேக்கல தம்பி"ன்னு சொல்லிட்டு, காத்துக் குழாயை எடுத்துக்கிட்டு டயர் பக்கம் போனேன்.